தானே பறந்து வந்தவள்

நாரின் என்ற மலையூரின் சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவள் பெர்மெட். பக்கத்துப் பழைய புத்தகக் கடை சபித் கொடுத்த நாவலை ரத்தக் கையோடு புரட்டிக்கொண்டிருந்தாள். கதை சொல்பவன் தன் பெண்டாட்டியைப் பற்றியே பேசுகிறான். வெள்ளைப் பறவையாக ஜன்னல் வழியே தானே பறந்து வந்தாளாம். தன் இறக்கையைத் தானே ஒடித்துக்கொண்டாளாம். அடுத்த அத்தியாயத்தில் அவன் பல்லிடுக்கில் இறகு!

"அடப்பாவி, புளுகுறானே!" என்று கத்தியே விட்டாள்.

"கதைதானேக்கா, விடு," என்று சிரித்தான் சபித்.

எப்படி விடுவாள்? இருபது வருஷமாக எந்த விருந்திலும் அவள் புருஷன் ஜோல்டோஷ் இதே பாட்டைத்தானே பாடுகிறான்! "இவளே ஓடி வந்து கார்ல ஏறினா. ஒரு மணி நேரம் அழுதா, அப்புறம் சிரிச்சா." அவனுக்குக் கட்டிவைக்க நாலு தடியன்கள் அவளைத் தூக்கிக் காரில் எறிந்தது, அவள் ஒருத்தன் காதைக் கடித்துத் துப்பியது, அடித்த அடியில் அவள் தோள் கழன்றது, எதுவும் அந்தக் கதையில் கிடையாது. கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். அந்த ஆத்திரம் வேறு.

அந்த வாரமே மகள் நூரைமைக் கல்யாணத்துக்காகத் தூக்கிப் போனார்கள். ஊர் வழக்கப்படி பையன் வீட்டார் மன்னிப்புக் கேட்டு ஆட்டோடு வந்து நின்றார்கள். ஜோல்டோஷ் இளித்தான். "இவ அம்மாவும் அழுதவதான். இப்போ பாருங்க, ராணி மாதிரி இருக்கா!"

"பொய் சொல்றியேடா!" கையிலிருந்த இரும்புக் கரண்டியால் அவன் வாயிலேயே போட்டாள் பெர்மெட். பல்லும் ரத்தமுமாக அவன் உட்கார்ந்துவிட்டான். வந்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு ஓடினார்கள்.

இறைச்சிக் கத்தியோடு பையன் வீட்டுக்குள் நுழைந்தாள். தடுத்தவன் முழங்கையில் வெட்டு வாங்கினான். மணப்பெண்ணை உட்காரவைக்கும் திரைக்குப் பின்னால் நூரைம் உதடு கிழிந்து கிடந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தால், பையனின் பெரியம்மா வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"பெரியவளைத் தாண்டுவியா? தாண்டிப் பாரு, உன் வம்சமே விளங்காது!"

நூரைம் உறைந்துவிட்டாள். "அம்மா, சாபம்மா..."

"எனக்கும் இப்படி ஒருத்தி குறுக்கே படுத்தாடி. பயந்து திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இருபது வருஷம். நீ தாண்டு!"

நூரைம் தாண்டவில்லை. மிதித்துக்கொண்டே போனாள்.