ஆகஸ்ட் மாத டேப்

1. முதல் நாள்

கடல் தாண்டி வந்து ஃப்ரீமான்ட்டில் அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்த முதல் சாமான் ஒரு பேஜர். இரண்டாவது, டேப் அறையின் சாவி. நெட்வொர்க் கார்டு செய்யும் கம்பெனி. நான் அங்கே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். என் மேனேஜர் சுந்தரேசன், தி.நகர்காரர். டேப் அறையைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்:

"நாதன், இந்த வேலைல யாரும் உங்களைப் பாராட்ட மாட்டாங்க. எல்லாம் ஓடிட்டு இருந்தா, இவன் எதுக்கு இருக்கான்னு கேப்பாங்க. நின்னு போச்சுன்னா, இவன் எங்க போய்த் தொலைஞ்சான்னு கேப்பாங்க. பேக்கப் மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க."

சர்வரில் உள்ள அத்தனையையும் வெள்ளிக்கிழமைதோறும் டேப்பில் பிரதி எடுப்பேன். வார டேப்பை ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதுவோம். மாதக் கடைசி டேப்பை மூன்று மாதம் வைத்திருந்து, பிறகு அதன்மேலும் எழுதிவிடுவோம். டேப் விலை அப்படி. மூன்று மாதத்துக்கு முந்தைய எதுவும் எங்களிடம் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. நீல அட்டை ரெஜிஸ்டர்கள்

மிலான் டெஸ்ட் லேபில் இன்ஜினியர், செர்பியாக்காரன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். அவனுக்கும் எனக்கும் வந்த ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே தரம், அதனாலேயே சிநேகிதமானோம். நாங்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

அவன் ஊரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளிகள் ஆரம்பித்த பழைய கால்பந்து கிளப் ஒன்று உண்டு. அவன் அப்பா அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் செயலாளர். ஆடிய ஒவ்வொரு மேட்சையும், யார் ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள், மழையா வெயிலா என்பதுவரை நீல அட்டை ரெஜிஸ்டர்களில் கையால் எழுதி வைத்திருந்தார். இரண்டு ரெஜிஸ்டராக யாராவது ஊரிலிருந்து வரும்போது கொடுத்தனுப்புவார். மிலான் சனிக்கிழமை ஆபீஸுக்கு வந்து ஸ்கேன் செய்துவிட்டு, போகிறவர்களிடம் திருப்பி அனுப்புவான்.

"இங்கேயே வெச்சுக்கயேன்" என்றேன் ஒருமுறை.

"அப்பா விடமாட்டார். கிளப் சொத்து கிளப்பில்தான் இருக்கணும்பார்."

ஸ்கேன் செய்துகொண்டே அவன் கதை சொல்வான். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய கட்டைகளை அடுக்கித்தான் அந்த மைதானத்தில் கேலரி கட்டினார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களில் ஒரு மழை நாளில் 2–1 என்று ஜெயித்து முதன்முறையாக ஒரு டிவிஷன் மேலே ஏறினார்கள். அப்போது அவன் அப்பா புதுச் செயலாளர். பிறகு முதல் டிவிஷன் வரை போனார்கள். தலைநகரத்துப் பெரிய டீம்கள்கூட இந்த ஊருக்கு ஆட வரவே பயந்த காலம் இருந்ததாம். அதன்பின் தேசம் துண்டு துண்டானது. வெளிநாடுகள் வர்த்தகத்தை நிறுத்தின, பெட்ரோல் கிடைக்கவில்லை, வெளியூர் மேட்சுக்கு டிராக்டர் டிரெய்லரில் போனார்கள். நன்றாக ஆடியவன் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். சிகரெட் கடத்துகிற ஒரு ஆள் கிளப் தலைவரானான். மிஞ்சியிருந்த நாலு நல்ல ஆட்டக்காரர்களையும் விற்றுவிட்டு ஒருநாள் காணாமல் போனான். எங்கள் பக்கத்துக் கூட்டுறவு சொசைட்டிகளைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

மிலான் வீட்டு கம்ப்யூட்டரில் இத்தனை ஸ்கேனுக்கு இடமில்லை. நான்தான் பெருமையாகச் சொன்னேன்: "என் சர்வர்ல போடு. வாராவாரம் பேக்கப் எடுக்கறேன். கல்வெட்டு மாதிரி நிக்கும்."

அந்த வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

3. பூஜையில் வைத்தது

தொண்ணூற்றெட்டில் சரஸ்வதி பூஜையன்று காலையில் என் மனைவி மீனா கேட்டாள்: "ஏனுங்க, புஸ்தகமெல்லாம் வெச்சாச்சு. உங்க தொழில் சாமானம் என்னத்த வைக்கறது?"

கரூரில் எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைப்பார்கள். எனக்குத் தறி ஏது? முந்தின நாளே டேப் அறையிலிருந்து ஆகஸ்ட் மாதக் கடைசி டேப்பையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். மீனா டேப்புக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாள் காலை பேஜர் அலறியது. டிஸ்க் ஒன்று போய்விட்டது. குளிக்காமல்கூட ஓடினேன். டேப் பூஜை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரமே சுந்தரேசன் டேப்புகளை எண்ணச் சொன்னார். கம்பெனி டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோவது வேலை போகிற குற்றம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் ஒரு வெற்று டேப்பை எடுத்து "ஆகஸ்ட்" என்று லேபிள் ஒட்டி இடத்தை நிரப்பினேன். கணக்கு சரியாக இருந்தது. அதன்பிறகு உண்மையான டேப்பை வீட்டிலிருந்து கொண்டுவரப் பயந்தேன். பையில் அது பிடிபட்டால், ஒரே மாதத்துக்கு இரண்டு டேப் எப்படி என்று கேட்பார்களே?

4. கிளீன்-அப்

ஜனவரியில் சர்வரில் இடம் போதவில்லை. சுந்தரேசன் ஒரு லிஸ்ட் நீட்டினார்.

"யாரோ மிலானாமே, என்னய்யா இது, ஃபுட்பால் படமா? கம்பெனி டிஸ்க்ல? டெலிட் பண்ணுங்க."

"டெக்ஸாஸ் போயிருக்கான் சார். ரவுண்ட் ராக்ல கஸ்டமர் சைட். வந்ததும் சொல்றேன்."

"மெயில் போட்டுட்டு டெலிட் பண்ணுங்க நாதன். நாளைக்குப் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு."

மெயில் போட்டேன். அவன் பார்க்கவில்லை. மறுநாள் டெலிட் செய்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "ரெஜிஸ்டரெல்லாம் கிளப்ல பத்திரமா இருக்கு. மறுபடி ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

5. "டேப் இருக்கா?"

அந்த வசந்தத்தில் மேலை நாட்டு விமானங்கள் அவன் நாட்டின்மேல் குண்டு போட்டன. ரயில் யார்டுதான் குறி. யார்டை ஒட்டியிருந்த கிளப் ஆபீஸ் முழுக்க எரிந்துபோனது, ரெஜிஸ்டர்களோடு. ஊர்ப் பத்திரிகை எப்போதோ மூடியாகிவிட்டது. வேறெங்கும் பிரதி கிடையாது.

மிலான் டேப் அறை வாசலில் வந்து நின்றான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"நாதன், பழைய டேப் ஏதாவது இருக்கா? ஒண்ணே ஒண்ணு?"

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடிக்குள் சந்தனம் தடவிய டேப் கண்ணில் வந்தது. அதை டிரைவில் போட்டால் பதிவில் விழும், வீட்டுக்குக் கொண்டுபோனது சுந்தரேசனுக்குத் தெரிந்துவிடும். கம்பெனி எனக்காகப் போட்டு, லேபர் சர்ட்டிபிகேஷன் முடிந்து அடுத்த கட்டத்தில் இருக்கும் கிரீன் கார்டு ஃபைல் வந்தது. பார்மசி படித்துவிட்டு, விசா விடாததால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மீனா வந்தாள்.

"இல்ல மிலான். எல்லாத்து மேலயும் எழுதியாச்சு" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்தான். அடுக்கியிருந்த டேப்புகளின் லேபிள்களை ஒவ்வொன்றாகப் படித்தான். எழுந்து, "உன் தப்பு இல்ல" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் மீனாவிடம் சொன்னேன். "அந்தப் பெரியவர் ஆயுசுக்கும் எழுதுனதுங்க அது. குடுத்துருங்க" என்றாள்.

"வேலை போச்சுன்னா கிரீன் கார்டு? முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உன் பார்மசி லைசென்ஸு?"

"என்னைய எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்கள். சாமி என் வீட்டு அலமாரியிலேயே அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. பூசாரி நான்தான்.

6. கூட்ஸ் வேகன்

கிளப் சாகவில்லை. மாவட்ட லீகில் கடைசித் தட்டில் ஆடினார்கள். எரிந்த ஆபீஸுக்குப் பதில் ஒரு பழைய கூட்ஸ் வேகனில்தான் டிரெஸ் மாற்றினார்கள். கோல்கீப்பருக்கு வயது நாற்பத்தொன்று. லஞ்ச் ரூமில் மிலான் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்வான். நான் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

அவன் அப்பா ஒரு புது நோட்டு வாங்கி, எல்லா மேட்சையும் நினைவிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார். எழுபது தாண்டியவர். நடுவில் ஒருமுறை பக்கவாதம் வந்தது. அதன்பிறகும் எழுதினார். ஒரே ஒரு வரியில் மட்டும் மாட்டிக்கொண்டார்: முதன்முறையாக மேலே ஏறிய அந்த மழை மேட்ச், அதன் இரண்டாவது கோல்.

"போன்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதையேதான் பேசறார்" என்றான் மிலான். "முகம் தெரியுதாம். சிவப்பு முடி. லோகோ ஷெட்டுக்குச் சில மாசத்துக்கு வந்த வெளியூர் ஃபிட்டர். பேர் மட்டும் வரலை. அன்னிக்கு ஆடினவங்கள்ல ஒருத்தர்கூட இப்ப உயிரோட இல்ல."

அந்தப் பெயர் என் வீட்டில், மீனா கற்பூரம் வைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

7. ரீஸ்டோர்

இரண்டாயிரத்து ஒன்று மார்ச்சில் மிலானின் அப்பா இறந்தார். ஜூனில் எனக்கு கிரீன் கார்டு வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் டேப்பை ஆபீஸுக்கு எடுத்துப்போய் டிரைவில் போட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் அத்தனையும் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான ரீஸ்டோரைப் பார்த்ததில்லை. சுந்தரேசன் எதற்கோ அங்கே வந்தவர், குங்குமக் கறையோடு இருந்த டேப் பெட்டியைப் பார்த்துவிட்டார். இனி எதற்கு மறைப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அட, எங்கப்பா அம்பத்தூர்ல லேத்துக்கு மாலையே போடுவார்யா. அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ரீஸ்டோர் பண்ணிக் குடுத்திருப்பேனே."

இப்போது சொல்வது சுலபம். அன்று என்ன செய்திருப்பாரோ, யாருக்குத் தெரியும்? ஆனால் ஒருமுறைகூட நான் அவரைக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்காமலே பயந்தேன்.

மிலானை அதற்குள் லே-ஆஃப் செய்திருந்தார்கள். டெக்ஸாஸில் இர்விங்கில் வேறு வேலை கிடைத்து, ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ பக்கத்து அபார்ட்மென்ட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். நான் போனபோது வாடகை டிரக்கில் சோபாவை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லா ஸ்கேனையும் எழுதிய சிடியையும், அந்த மழை மேட்ச் பக்கத்தின் பிரிண்ட்டையும் கொடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று கிளம்பும்போதே மீனா சொல்லியிருந்தாள்.

அவன் பிரிண்ட்டைப் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் நின்றது.

"லூகிச்" என்றான். "ஸ்தேவான் லூகிச்."

பிறகு என்னைப் பார்த்தான். "இது எங்க இருந்தது?"

"என் வீட்டுல."

"எப்போலேர்ந்து?"

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் டிரக்கின் படியில் உட்கார்ந்து பிரிண்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அப்பா நோட்டை கிளப்புக்குக் குடுத்துட்டோம். அந்த வேகன்ல வெச்சிருக்காங்க. நூத்துக்கணக்கான மேட்ச். ஒரே ஒரு வரிதான் காலி." சட்டைப் பையைத் தட்டினான். "கிளப்புக்கு இதை அனுப்பிடறேன், நாதன். ஆனா, லூகிச்னு இன்னிக்கு நான் யாருக்கு போன் பண்ணிச் சொல்றது?"

நான் சோபாவின் மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தேன். "வேண்டாம், விடு" என்றான். அதன்பிறகு அவனிடமிருந்து எனக்கு ஒரு மெயிலும் வந்ததில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நல்ல பேக்கப் எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். எடுப்பதைக் கையேட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஒருவன் வாசலில் நின்று "இருக்கா?" என்று கேட்கிற அன்று, இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் கற்றது அது ஒன்றுதான், அதையும் இரண்டு வருஷம் தாமதமாக. சுந்தரேசன் என்னிடமே விட்டுவிட்ட ஆகஸ்ட் டேப் இன்னும் எங்கள் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு மீனா எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறாள். அதற்கு மட்டும் வைப்பதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.