நைனாவின் பாடும் என் சப்மாட்யூலும்

கம்ப்யூட்டர் வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் பழவேற்காடு ஏரியில் முக்கி எடுத்தார்கள்.

இந்த ஏரியில் நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த நாள் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் குப்பமும் அக்கா வாழ்க்கைப்பட்ட பக்கத்துக் குப்பமும் ஒரே இடத்தில் முறை வைத்துப் பிடிக்கிறார்கள். அடுத்தவர் பாட்டில் வலையை இறக்கினால் நம்முடைய அடுத்த பாடு பறிபோகும். இறால் ஓடும் மாதத்தில் அப்படி நடந்தால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

குப்பத்துக்கு ஒன்றாக இரண்டு இணையப் பக்கங்கள் செய்து கொடுத்திருந்தேன். பாடுகளின் பட்டியல் இரண்டுக்கும் பொது என்பதால் அதைத் தனி ரெப்போவில், அதாவது தனிக் கோப்புக் கிடங்கில், வைத்து, இரண்டு பக்கங்களின் ரெப்போவுக்குள்ளும் கிடங்குக்குள் கிடங்காக, அதாவது சப்மாட்யூலாகச் செருகினேன். எங்கள் பக்கம் என் பொறுப்பு, அவர்கள் பக்கம் அக்கா பொறுப்பு. அக்காவுக்கு இந்த வேலைக்கான கிட் மென்பொருளைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவேன்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளி ரெப்போவிடம் பட்டியல் இருக்காது. உள்ளே எந்த கமிட்டை, அதாவது பதிந்து வைத்த எந்த மாற்றத்தைக் காட்ட வேண்டும் என்ற சீட்டு மட்டும் இருக்கும். உள்ளே எதை மாற்றினாலும், வெளியே சீட்டை மாற்றும்வரை பழையதுதான் தெரியும். அக்காவிடம் இதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை கோயில் திருவிழா. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. மாலையில் இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் பேசி, எல்லோருடைய பாட்டையும் ஒரு நாள் தள்ளி வைப்பதாக முடிவெடுத்து எனக்குப் போன் செய்தார்கள். உள் ரெப்போவில் மாற்றினேன், கமிட் செய்தேன், இணையத்துக்குப் புஷ் செய்தேன். அக்காவைக் கூப்பிட்டு, "மறக்காம வெளியவும் கமிட் போடு" என்று அதட்டிவிட்டு நண்டுக் குழம்பு சாப்பிடப் போனேன். அக்கா போட்டாள். நான் போடவில்லை.

மறுநாள் காலை எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நைனா, அதாவது என் அப்பா, போய்க் கழி நட்டுப் பாதி வலையை இறக்கிவிட்டார். அவர்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு அக்கா புருஷனும் அங்கேயே படகோடு வந்து நின்றார். வேறு யாராவது என்றால் கெட்ட வார்த்தை ஆந்திர எல்லைவரை கேட்டிருக்கும். இவர்களோ மாமனாரும் மருமகனும்.

"இன்னிக்கு எங்க பாடு மாமா."

"இல்ல மாப்ள, நல்லா பாருங்க, எங்களுது."

"நீங்க சொன்னா சரிதான் மாமா. வலைய மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் மாப்ள. நீங்க மொதல்ல கிளம்புங்க."

ஆளுக்கொரு போனைத் தூக்கிக் காட்டினார்களாம். அந்தத் தூரத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. இருந்தும் இருவரும் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நைனாவின் கூட்டாளி ஒருவர் தண்ணீரில் விழுந்தார்.

அக்கா போன் செய்தாள். "இன்னாடீ, வெளிய கமிட் போட்டியா?"

லேப்டாப்பைத் திறந்தால், சப்மாட்யூலில் புது கமிட் இருப்பதாக முந்தைய மாலையிலிருந்து ஒரு வரி காத்துக் கிடந்தது.

மாலையில் இரண்டு குப்பமும் கூடின. மறுநாள் புதன்தான் நைனாவின் உண்மையான பாடு. தண்டனை என்றால் அதுதான் போகும். நான் எழுந்து ரெப்போவுக்குள் ரெப்போவைப் பத்து நிமிடம் விளக்கினேன்.

"அதாம்மா, பொட்டிக்குள்ள புது லிஸ்ட்ட வெச்சிட்டு, மேல ஒட்டுன பழைய சீட்ட கிழிக்கல. அவ்ளோதானே?" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்.

அவ்வளவுதான்.

"என் பாட்ட எடுத்துக்கோங்க. பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் நைனா. எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அக்கா புருஷன் எழுந்து, "மாமா வேணும்னு செய்யல, பாடு அவருக்கே இருக்கட்டும்" என்றார். கூட்டம் ஒப்புக்கொண்டது. தண்டனை எனக்கு: பட்டியல் மாறும்போதெல்லாம் இரண்டு குப்பத்துக் கோயில் மைக்கிலும் நானே வந்து படிக்க வேண்டும்.

இப்போதும் பட்டியல் மாறினால் நைனா கேட்பார்.

"உள்ள போட்டியா?"

"போட்டேன் நைனா."

"வெளிய?"

"வெளியவும் போட்டேன்."

என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கில்லாடி என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அக்காவைக் கூப்பிடுவார்.

"உங்க பக்கத்துல இன்னா போட்டிருக்கு? கொஞ்சம் படிம்மா."