பிராங்கிளின் காம்பவுண்டில் ஒரு சாவு

பிராங்கிளின் வாடகைக்கு விடுவது வெப்சைட். மாதம் ஐந்நூறு ரூபாய். டோல்கேட்டில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் கடைக்கு மேலே, கிரீஸ் வாடை படியேறி வரும் ஒரு அறைதான் கம்பெனி. கம்பெனி என்றால் அவனும் அவன் மனைவி டோரதியும். அவன் சைட் கட்டுவான், டோரதி போனில் திட்டு வாங்குவாள். இந்த வேலைப் பிரிவினையில் இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிராங்கிளின் ராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரும் பெட்டியின் எண், வெளியே போகும் பெட்டியின் எண், இரண்டையும் கம்ப்யூட்டரில் தட்டுவது வேலை. ஒருநாள் கேட்டில் கேமரா வைத்தார்கள். அது எண்ணைத் தானே படித்தது, டீ குடிக்க எழுந்து போகவும் இல்லை. பிராங்கிளினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் சுவரை முறைத்துவிட்டு, நாலாவது மாதம் யூடியூபைப் பார்த்து வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டான்.

கற்றுக்கொண்டது பெரிய காரியமில்லை, விற்பதுதான் பேஜார். மொத்தமாகப் பதினைந்தாயிரம் கேட்டால் காசிமேட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் மல்டிசைட் என்ற ஒன்று அவன் கண்ணில் பட்டது. ஒரே இடத்தில் நிறுவிக்கொண்டு, அதிலிருந்தே எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தனித்தனி சைட் கிளை பிரித்துக் கொடுக்கலாம். மாத வாடகை வசூலிக்கலாம். இதை வாயால் விளக்க இரண்டு மாதம் முயன்றான். கேட்டவர்களெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் தண்டையார்பேட்டை பிரியாணிக் கடை அத்தாவுல்லாவிடம்தான் வழி பிறந்தது.

“பாய், நம்ம பக்கத்து காம்பவுண்டு வூடு தெரியும்ல? ஒரே கேட்டு, ஒரே மோட்டாரு, ஒரே ஓனரு. உள்ள பத்து போர்ஷன், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு. இதுவும் அதேதான். காம்பவுண்டு என்னுது, போர்ஷன் உன்னுது. மோட்டாரு நான் போட்டுக்குறேன், வெள்ள நான் அடிச்சுக்குறேன். நீ மாசா மாசம் வாடக குட்த்தா போதும்.”

“அட்வான்ஸு?”

“கெடையாது.”

அத்தாவுல்லா அன்றைக்கே குடிவந்துவிட்டார். சென்னையில் அட்வான்ஸ் கேட்காத ஓனரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு பிராங்கிளின் வெப்சைட் என்ற சொல்லையே விட்டுவிட்டான். போர்ஷன் காலியாக இருக்கிறது என்றுதான் சொல்வான். மூன்று வருஷத்தில் அறுபத்து மூன்று போர்ஷன் நிரம்பியது. வலைக்கடை, கருவாட்டு மொத்த வியாபாரம், ஃப்ரெடியின் பேண்டு வாத்தியக் குழு, லாரி புக்கிங் ஆபீஸ், மணப்பெண் அலங்காரம் செய்யும் சிவந்தி. சிவந்தி மட்டும் சேருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்.

“காம்பவுண்டுன்றியே, ஒரு போர்ஷன்ல சாவு வுழுந்தா மத்தவங்களுக்கும் தீட்டாச்சே? என்னுது கல்யாணத் தொழிலுப்பா.”

“கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா தீட்டு?” என்று பிராங்கிளின் சிரித்தான். அந்தச் சிரிப்பை சிவந்தி ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

பண்டிகைக்குப் பண்டிகை எல்லா சைட்டிலும் ஒரு வாழ்த்து அட்டை போடுவது பிராங்கிளினின் பழக்கம். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், எதையும் விடமாட்டான். ஓனர் வெள்ளையடித்துக் கொடுப்பது போல இது என்பான். அட்டையை ஒரு தடவை செய்தால் போதும். சைட்டைத் திறந்தவுடன் அதுதான் முன்னால் வரும், கீழே “அன்புடன்” என்று போட்டு அந்தந்தக் கடையின் பெயர் தானாக வந்து உட்காரும். கடைக்காரர்களுக்கு இதில் ரொம்பப் பெருமை. தாங்களே உட்கார்ந்து வாழ்த்து எழுதியது போல அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள்.

வருஷத்தில் இரண்டு மாதம்தான் தலைவலி. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், விசைப்படகுகள் கரையில் நிற்கும். உடனே போன் வரும்.

“போட்டே கரையில நிக்கிது, சைட்டு மட்டும் எதுக்குப்பா ஓடிக்கினு கீது? அத்தயும் ரெண்டு மாசம் நிறுத்து.”

சைட்டுக்கு டீசல் கிடையாது என்று டோரதி அறுபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். எடுபடவில்லை.

தடைக்காலத்திலும் வாடகை கொடுத்த ஒரே ஆள் எத்திராஜ். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் போடுபவர். படகு நின்றால் முதலில் படுப்பது ஐஸ் வியாபாரம்தான். ஆனாலும் ஒன்றாம் தேதி காலையில் படியேறி வந்து, ஐந்நூறு ரூபாய்த் தாளை டோரதியிடம் நீட்டி, ரசீது வாங்கிக்கொண்டுதான் உட்காருவார். அவருக்கு வெப்சைட் எதற்கு என்று அவருக்கே தெரியாது. எதிரி ஐஸ்காரன் ஒன்று வைத்தான், இவரும் வைத்தார். சைட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஆனால் தினம் காலை ஏழு மணிக்கு போன் பண்ணுவார்.

“இன்னா நைனா, ஓடுதா?”

“ஓடுது நைனா.”

அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

பிராங்கிளின், டோரதி இரண்டு பேரைத் தவிர எத்திராஜ் ஊரில் யாரிடமும் ஒழுங்காகப் பேசியதாகத் தகவல் இல்லை. அத்தாவுல்லா கல்யாணச் சமையலுக்கு ஐஸ் வாங்கி, பாதி கரைந்துவிட்டது என்று சொன்னபோது, கரையாதது வேண்டுமென்றால் கருங்கல் வாங்கு என்றவர். ஃப்ரெடி குழு தெருவில் வாசித்தபோது ஐஸ் வண்டிக்கு வழி விடவில்லை என்று டிரம்மைத் தூக்கி நடைபாதையில் வைத்தவர். சிவந்தி வீட்டு வாசலில் தினம் மீன்வாடையோடு ஐஸ் தண்ணீர் ஓடும், கேட்டால் கடலுக்குத்தானே போகிறது என்பார். சொந்தத் தம்பியோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் மகள் மலரும் மட்டும்தான்.

மே மாதம் ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு எத்திராஜ் போன் வந்தது. எடுத்தால் மலர் பேசினாள்.

“அண்ணே, அப்பா பூட்டாருண்ணே. விடிகாலைல. தூக்கத்துலயே.”

பிராங்கிளின் ஓடுது நைனா என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தான்.

“பேனரு அடிக்க நேரம் இல்லண்ணே. நாலு மணிக்கு எடுக்குறோம். அவரு சைட்டுலயாச்சும் போட்டோ போட்டு, நேரத்தப் போடுங்க. யாராச்சும் பாப்பாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “தூக்குறதுக்காச்சும் நாலு பேரு வருவாங்களாண்ணே?” என்றாள்.

“வருவாங்கம்மா” என்றான். அவன் கணக்கில் தேறியது ஒரு ஆள். அதுவும் அவனே.

புதிதாக அட்டை செய்யக் கை வரவில்லை. மனசும் சரியில்லை. சித்திரை மாதப் பிறப்புக்குப் போட்ட அட்டை கையருகே இருந்தது. மாம்பழத் தட்டை எடுத்துவிட்டு எத்திராஜ் கும்பிடுகிற படத்தை வைத்தான். வாழ்த்தை அழித்துக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதினான். அன்புடன் என்பதைக் கண்ணீருடன் என்று மாற்றினான், நாலு மணி என்றும் தெருப் பெயரும் போட்டான். சேமி என்று தட்டிவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு கிளம்பினான். அது எல்லாப் போர்ஷனுக்கும் சேர்த்துப் போட்ட அட்டை என்பது அவன் நினைப்பிலேயே இல்லை.

சாவு வீட்டில் பந்தல் போடுகிறவர்கள் இரண்டு பேரும் மலரும் இருந்தார்கள். தம்பி வரவில்லை. ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு வந்திருந்தது. பிராங்கிளின் ஒன்றில் உட்கார்ந்தான். மலர் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி வரைக்கும் அந்த வாசலில் வந்து நின்றது ஒரு நாய் மட்டும்.  ஒரு மனுஷன் எப்படி வேண்டுமானாலும் சண்டை போட்டிருக்கட்டும், அதற்காக இப்படியா என்று பிராங்கிளினுக்கு ஊர் மேலேயே கோபம் வந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் லாரி புக்கிங்காரர் கையில் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, பிராங்கிளினை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே வலைக்கடைக்காரர், அவர் கையிலும் மாலை. அப்புறம் கருவாட்டுக்காரர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் வேகமாகத் தெருவுக்குள் வந்தார்கள், பந்தலைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள், பிராங்கிளினை முறைத்தார்கள். துக்கம் சிலருக்குக் கோபமாக வரும் என்று பிராங்கிளின் நினைத்துக்கொண்டான்.

அத்தாவுல்லா வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். தோளில் முகத்தை வைத்துக்கொண்டு காதில் பேசினார்.

“தோஸ்து, அழுவுற மாரியே மூஞ்சிய வச்சிக்கினு கேளு. என் கட சைட்ட தொறந்தா எத்திராஜு கும்புடுறாரு. கீழ, கண்ணீருடன் அத்தாவுல்லா பிரியாணின்னு கீது. பிரியாணி துன்னுட்டுத்தான் பூட்டாரானு ஒத்தன் போன் பண்ணிக் கேக்குறான். உனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்ற. உன் வூட்டம்மா, சாவு வூட்லகீறாருன்னு சொல்ச்சு. உன்ன ரெண்டுல ஒண்ணு பாக்கத்தான் வந்தேன். சாவு வூட்டுக்கு வெறுங்கையோட வர முடியாதேன்னு மாலைக்கி வேற இருநூறு ரூவா. எல்லாத்தயும் வெளிய வச்சிக்கிறேன்.”

சொல்லி முடித்து முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பிராங்கிளின் போனை எடுத்துப் பார்த்தான். டோரதியிடமிருந்து இருபத்தாறு அழைப்பு, மற்றவர்களிடமிருந்து எண்பத்து நாலு. அறுபத்து மூன்று கடையும் ஒரே குரலில் எத்திராஜுக்கு அழுதுகொண்டிருந்தன. நிர்வாகப் பக்கம் போனிலேயே திறந்தது. ஒரு தட்டுத் தட்டினால் எல்லா வாசலிலிருந்தும் எத்திராஜ் இறங்கிவிடுவார், பிழைப்பு பிழைக்கும். கட்டை விரலைத் தூக்கினான்.

மணி ஒன்றரை. எடுக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. மலர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இன்னொரு மாலை வந்துகொண்டிருந்தது. இப்போது தட்டினால் அதுதான் கடைசி மாலையாக இருக்கும். மூன்று வருஷம் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த குடித்தனம் இந்த இரண்டரை மணி நேரத்தில் காலியாகிவிடும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பயமாகவும் இருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

சிவந்தி வாசலைத் தாண்டாமல் நின்று, “தீட்டு இல்லன்னியே” என்று மட்டும் கேட்டாள். பிறகு மாலையைப் பந்தல்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். ஃப்ரெடி ஒத்திகையிலிருந்து அப்படியே வேனில் நாலு ஆட்களோடு வந்து இறங்கினான். டிரம், டிரம்பெட் எல்லாம் கையில் இருந்தன. மலர் எழுந்து, “வாத்தியம் சொல்லலியேண்ணே” என்றாள். ஃப்ரெடி அவளைப் பார்த்தான், பிராங்கிளினைப் பார்த்தான், எத்திராஜையும் பார்த்தான்.

“நாங்களேதாம்மா வந்தோம்” என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

மூன்றரைக்குத் தம்பியே வந்துவிட்டார். ஊரே மாலை போட்டிருக்கும்போது கூடப்பிறந்தவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கலீஜாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். நாலு மணிக்குத் தூக்கினார்கள். முன்பக்கம் இடது தோள் அத்தாவுல்லா, வலது தோள் தம்பி. சுடுகாடு வரைக்கும் ஃப்ரெடி வாசித்தான். தெருமுனை வரை ஒருவரும் எத்திராஜைத் திட்டவில்லை. அதற்குப் பின்னால் அத்தாவுல்லா பிராங்கிளினைத் திட்ட ஆரம்பித்தார், அடி எடுத்து வைக்கிற தாளத்திலேயே, சுடுகாடு வரைக்கும்.

ஆறு மணிக்கு அட்டையை எடுத்தான். அந்த வாரத்தில் பத்தொன்பது பேர் காலி செய்துகொண்டு போனார்கள். டோரதி ஒவ்வொரு போனுக்கும், “சரிங்க, தப்புதாங்க” என்றாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனை ரொம்ப வாட்டியது. அத்தாவுல்லா போகவில்லை, அட்வான்ஸ் இல்லாத இடத்தை விட அவருக்கு மனசில்லை. சிவந்தி ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தோடு படியேறி வந்து, கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, டோல்கேட் முனையில் பிழிந்து போட்டுவிட்டு, தொடர்ந்து குடியிருக்கச் சம்மதித்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிற பிராங்கிளின் அதுவரைக்கும் கைகட்டி நின்றான்.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் மலர் படியேறி வந்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாளை டோரதியிடம் நீட்டி ரசீது வாங்கிக்கொண்டு, அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பா சைட்டு ஓடுதாண்ணே?”

“ஓடுதும்மா.”

“நிறுத்தாதீங்க.” ரசீதை மடித்துப் பையில் வைத்தாள். “அத்தினி கடைலயும் அவரு போட்டோ போட்டாங்களே, யாருண்ணே சொன்னது?”

பிராங்கிளின் டோரதியைப் பார்த்தான். டோரதி ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

“அவங்களேதாம்மா போட்டாங்க.”

மலர் தலையாட்டினாள்.

“பாய் உங்க காதுல சொன்னது எனுக்கும் கேட்டுச்சுண்ணே. நீங்க போன எடுத்ததயும் பாத்தேன். கைய தூக்கினீங்க. என்னப் பாத்தீங்க. அப்பால உள்ள வச்சிட்டீங்க.”

 கீழே கடையில் யாரோ எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க உள்ள வச்சப்போ பதினோரு பேருண்ணே. எண்ணிக்கினேதான் இருந்தேன்” என்றாள் மலர். “தூக்கும்போது நாப்பத்தாறு.”