மதகில் சிக்கிய சட்டைகள்

காலை ஆறு பத்துக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அங்கே மாறி நன்னிலத்தில் இறங்கியபோது மணி ஒன்பது. துபாயிலிருந்து விடுப்பில் வந்த எனக்கு ஒரே வேலைதான்: அறைத்தோழன் முருகேசன் கொடுத்தனுப்பிய கோடாலித் தைலத்தையும் பேரீச்சம்பழத்தையும் அவன் மனைவி செல்வியிடம் சேர்க்க வேண்டும்.

ஒன்பதரை. ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்துப் போனால் வீடு பூட்டியிருந்தது.

“அந்தக்கா வாய்க்கால்லதான் இருப்பாங்க,” என்றார் ஆட்டோக்காரர். “மேட்டூர்த் தண்ணி வந்து மூணு நாளாச்சு, அவங்க நாத்தங்காலுக்கு இன்னும் ஏறல.”

செல்வி இடுப்பளவு நீரில் நின்று மதகுக் கம்பியிலிருந்து துணிகளை இழுத்துக்கொண்டிருந்தார். மதகுக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது, நாற்றின் நுனியெல்லாம் மஞ்சள். முருகேசனின் அறைத்தோழன் என்று சொல்லிவிட்டு நானும் பேண்டோடு இறங்கினேன். வந்ததெல்லாம் டீ-ஷர்ட், லுங்கி, நைலான் சுடிதார். இழுத்தால் கிழியவும் இல்லை.

“நூல் வேட்டின்னா மக்கிப் போயிடும்ணே. இது வருஷம் போனாலும் அப்படியே கெடக்கு. சாயம் பட்டுக் கையெல்லாம் அரிப்பு.”

துணியைப் போடக் கரையேறியபோதுதான் பார்த்தேன், அவர் வலது காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

“போன வாரம் துணியில இருந்த ஊக்கு குத்தி சீழ் வச்சிருச்சு. தண்ணியில எறங்கக் கூடாதுன்னாரு டாக்டரு. நாத்து கேக்குமா?”

இந்த வாய்க்கால் பிரியும் ஆற்றில் மேலே ஒரு பரிகாரத் துறை இருக்கிறது. தோஷம் கழிய முழுகி, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். முன்பெல்லாம் கட்டிப் பழகிய துணியை விட்டார்கள். இப்போது துறையிலேயே கடை. சட்டையும் லுங்கியும் ஒரு செட் நூற்றைம்பது ரூபாய். அரைமணி நேரம் உடுத்தி ஆற்றில் விடுவதற்கென்றே புத்தம் புதிதாகத் தைத்து வருகிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் முழுகியவன்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதியை மட்டும் கறாராகக் கடைப்பிடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மதகு வழிவிட்டது. தண்ணீர் நாற்றங்காலுக்குள் ஏறியது. செல்வி குனிந்து நாற்றைத் தடவிப் பார்த்தார்.

“பாதி தேறும்ணே.”

வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன். “நானும் அந்தத் துறையில துணியை விட்டவன்தாங்க.”

“உங்க சிநேகிதரும்தான்,” என்றார் அவர், கரையில் குவிந்த துணியைப் பார்த்தபடி. “நாந்தான் கூடப் போயி அந்த செட்ட வாங்கிக் குடுத்தேன்.”

தைலத்தையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். பிறகு அவர் சொம்பில் மோர் கொண்டுவந்தார்.

“நாளைக்கும் அடைச்சிக்கும்,” என்றார்.

“நீங்க எறங்க வேணாம், நான் வர்றேன். லீவு முடியிறவரைக்கும் தினம் வர்றேன்,” என்றேன்.

மூன்றே காலுக்கு நன்னிலத்தில் பஸ் கிடைத்தது. பெரிய வாக்குக் கொடுத்துவிட்ட நிம்மதியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் லீவு இன்னும் பதினோரு நாள்தான், தண்ணீரோ தை மாதம் வரை வரும் என்பது குடவாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது.