காவடிக்கு முன் குடித்த பொடி

தம்பி, உன் டப்பாவில் இருக்கும் பொடி மனித உடம்பை என்ன செய்யும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அன்று ஆற்றங்கரையில் வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

உன்னை எல்லாரும் கோச் என்கிறார்கள். ஆயர் குரோவில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஜிம் வைத்திருக்கிறாய். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து முருகன் கோயிலில் காவடி எடுக்கும் ஆண்களுக்குப் பயிற்சி கொடுப்பவனும் நீதான். தோட்டம் என்று வாய் பழகிவிட்டது. அங்கே இப்போது செம்பனை மரங்கள்தான், நாங்கள் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டோம். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் காரில் வந்து கூடுகிறோம். கூடினால் சாமி கும்பிடுவதோடு யார் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்த்துக்கொள்கிறோம். அதனால்தான் அன்று நீ வாயைத் திறக்காதது எனக்கு இவ்வளவு எரிகிறது.

என் கணவர் பேட்டரி கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்கள் மகளுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று வருடம் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், நன்றாக இருக்கிறாள். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற நினைத்தார். அவ்வளவுதான் விஷயம். இதற்குள் நீ எப்படி வந்தாய்?

காவடிச் சட்டம் கனம், தோளுக்குப் பயிற்சி வேண்டும் என்று கோயில் குழுவில் சொன்னார்கள். ஜிம்முக்குப் போனார். போன முதல் வாரமே ஒரு வெள்ளை டப்பாவோடு நீயே வீட்டுக்கு வந்தாய். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அண்ணன் விரதத்துல கறி மீன் தொட மாட்டாரு. கிரியேட்டின் கறியிலயும் மீன்லயும்தான் இருக்கு. அது கொறஞ்சா பாடி வீக்காயிடும். அதுக்குதான் இந்தப் பொடி."

"கறியில இருக்கறத விரதத்துல குடிக்கச் சொல்றியா?"

"அய்யோ, இது ஃபேக்டரியில செய்யறது அண்ணி. சுத்த சைவம் லா."

"அப்ப கறி திங்கறவங்களுக்கு இது வேணாமா?"

"அவங்களுக்கும் நல்லதுதான்."

"எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்லிக்கிட்டு வந்தவன் எவனும் எனக்கு நல்லது செஞ்சதில்ல தம்பி."

என் கணவர் உள்ளேயிருந்து சிரித்தார். "இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது கோச். டப்பாவ வெச்சிட்டுப் போங்க."

கிரியேட்டினைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அவர் தண்ணீரில் கலக்கிக் குடித்தார், ஜிம்முக்கும் ஒழுங்காகப் போனார். முன்பு தூக்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினார். எடையும் ஏறியது. சதை வைக்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முகம் உப்பியிருந்ததுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கெடுதல் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதில்லாமல் அவரால் காவடி தூக்க முடியாது என்றாயே, அதைத்தான் நான் நம்பவில்லை. அவருடைய அப்பா காலத்தில் ஒருத்தரும் டப்பா திறக்கவில்லை. அதே ஆறு, அதே செம்மண் பாதை.

அடுத்தது சிவப்புப் பொடி. ப்ரீ வொர்க்அவுட் என்றாய். பயிற்சிக்கு முன்னால் குடித்தால் சோர்வு தெரியாது என்றாய். முதல் வருடக் காவடியன்று காலை உன் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து, ஆண்களுக்கெல்லாம் குலுக்கும் பாட்டிலில் கலந்து நீட்டினாய். சாப்பாடு இல்லாமல் நடக்கப் போகிறவர்கள். ஒரு வேளை உணவோடு எத்தனையோ நாள் விரதம் இருந்தவர்கள். "பொடிதானே, சாப்பாடு இல்ல, விரதம் கெடாது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் குடித்தார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆற்றில் குளித்து, ஈரத் துண்டோடு கரையில் நிற்பார்கள். உருமி அடிப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள், வேல் வேல் என்று கத்துவோம். அருள் வந்த பிறகுதான் அலகு குத்துவார்கள், காவடியைத் தோளில் ஏற்றுவார்கள். சிலருக்கு அருள் வர வெகுநேரம் ஆகும். சிலருக்கு அந்த வருடம் வராமலே போகும். அந்த வருடம் உருமி ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் கணவருக்கு வந்துவிட்டது. காது மடல் சிவந்தது. கழுத்தையும் புறங்கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால் நிலத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவர் காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். என் மகள் அழுதாள்.

இரண்டாம் வருடமும் அப்படியே. "ஒன் புருஷனுக்கு முருகன் ஓடி வர்றான்" என்று மற்ற பெண்கள் என்னிடம் சொன்னார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருடம் விரதம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம். அவர் ஜிம்முக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சிவப்புப் பொடியைக் குடித்துவிட்டு ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தார். கட்டும்போதே கழுத்தைத் தேய்த்தார். காது மடல் சிவந்தது. முழங்கால் தானாக ஆடியது. நான் வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தேன். ஆற்றங்கரையில் நான் விழுந்து கும்பிட்ட அதே அசைவுகள்.

"என்னாங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல. பொடி குடிச்சா இப்படித்தான் அரிக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் நான் விடுப்பில் இருந்தேன். அவர் வேலைக்கு, மகள் பள்ளிக்கு. சிவப்புப் பொடி டப்பாவைத் திறந்து அதிலிருந்த கரண்டியால் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தேன். புளிப்பு மிட்டாயைக் கரைத்த மாதிரி இருந்தது. எரிந்துபோன பிரியாணிச் சட்டி ஒன்று கிடந்தது, அதைத் தேய்க்க உட்கார்ந்தேன். முதலில் காது மடல். பிறகு கழுத்து. பிறகு புறங்கையில் எறும்பு ஊர்வது போல. நெஞ்சு படபடவென்று அடித்தது. சட்டி முடிந்தது, அடுப்பு முடிந்தது, ஜன்னல் கம்பியையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். உருமி இல்லை, சாம்பிராணி இல்லை. முருகன் நாட்காட்டியில்தான் இருந்தார். எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை, எரிந்த சட்டி ஒன்றுதான் இருந்தது. ஆனால் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

படபடப்பு அடங்கியதும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தெங்கேராவில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே இருப்பவர் ஒரு சீனப் பெண். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு மலாயில் விளக்கினார். அந்த அரிப்பு உள்ளே கலந்திருக்கும் ஒரு சரக்கினால் வருவது, பீட்டா அலனின் என்று பெயர், பலருக்கும் வரும், பயப்பட வேண்டாம். மீதி வேகமெல்லாம் காஃபின், பால் சேர்க்காத கட்டியான கோப்பி ஓ பல கோப்பையை ஒரே மடக்கில் குடித்த மாதிரி. எது எவ்வளவு என்று போடாமல் கலவை என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அதுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். வெறும் வயிற்றில் வெயிலில் நடப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்றார். கிரியேட்டினைப் பற்றியும் கேட்டேன். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்குக் கொஞ்சம் உதவும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும், பயிற்சியை நிறுத்திவிட்டால் வாங்கிக் குடிப்பதில் அர்த்தமில்லை என்றார். இவ்வளவு நேரான பதிலை உன்னிடமிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உன்னிடமும் வந்தேன். நினைவிருக்கிறதா? நீ ஜிம்மில் யாருக்கோ இரும்புத் தட்டு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"தம்பி, சிவப்புப் பொடி குடிச்சா ஒடம்பு அரிக்குமா?"

"அரிக்கும் அண்ணி. அரிச்சாதான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"காவடியன்னிக்கும் அரிக்கும்தானே?"

அப்போதுதான் இரும்பைக் கீழே வைத்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, சாமி விஷயத்துல நான் தலையிட மாட்டேன் லா."

"பொடி விஷயத்துல தலையிட்டியே."

"கூட்டம் இருக்கு அண்ணி. அப்பறம் பேசலாம்."

அப்புறம் நீ பேசவே இல்லை.

அவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன். முதலில் கத்தினார். "சாமிய சந்தேகப்படறியா? பொடி குடிச்சு சட்டி கழுவினவ நீ, ஒனக்கு என்னா தெரியும்?" நானும் கத்தினேன். சாமி வராது என்று நான் எங்கே சொன்னேன்? வந்தது சாமியா பொடியா என்று உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்டேன். அவர் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ரெண்டு வருஷமும் வந்தது யாரு?"

இரண்டும் சேர்ந்தே வந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க இனி வழியில்லை.

"இந்த வருஷம் அதக் குடிக்க மாட்டேன்" என்றார். குடிக்கவில்லை. விரதம் முழுக்க இருந்தார், தரையில் படுத்தார், வேலைக்கும் போனார்.

காவடியன்று காலை உன் காரின் பின்பெட்டி திறந்துதான் இருந்தது. மற்றவர்கள் குடித்தார்கள். இவருக்கும் நீட்டினாய். வேண்டாம் என்று தலையாட்டினார். உருமி அடித்தார்கள். பக்கத்தில் ஒவ்வொருவராக ஆடினார்கள். இவர் கைகூப்பிக் கண் மூடி நின்றார். உருமிக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி திருநீறு போட்டார், எலுமிச்சை அறுத்தார். ஒன்றும் வரவில்லை. வியர்த்து வழிந்தது, அவ்வளவுதான். கடைசியில் அலகு வேண்டாம் என்று முடிவு செய்து, வெறும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு முழு நினைவோடு நடந்தார். சூடு காலைச் சுட்டது தெரிந்திருக்கும். சட்டம் தோளை அறுத்தது தெரிந்திருக்கும். வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். ஆனால் சந்நிதி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று வருடத்தில் அந்த ஒரு நடையைத்தான் நான் சந்தேகமில்லாமல் கும்பிட்டேன்.

ஆனால் ஆற்றங்கரையில் எல்லார் காதிலும் விழும்படி ஒரு பெரியம்மா சொன்னார்: "வீட்டுல சுத்தம் பத்தல போல. பொம்பள சரியா இருந்தா சாமி ஏன் வராம போவுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள். கோயில் குழுவில் ஒருவர் என் கணவரிடம், "தப்பு எங்கியோ நடந்திருக்கு. அடுத்த வருஷம் இன்னொரு தடவ எடுத்துடுங்க, இது கணக்குல சேராது" என்றார். நீ கையில் துண்டோடு நின்றாய், எட்டினால் தொடும் தூரத்தில். அவர் பொடி குடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் குடித்ததும் தெரியும். குடித்தால் அரிக்கும் என்று உன் வாயாலேயே என்னிடம் சொன்னவன் நீ. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாய்.

இப்போது என் கணவர் அடுத்த வருடம் மறுபடியும் எடுக்கிறேன் என்கிறார். வேண்டுதல் தீரவில்லை என்று நினைக்கிறார். மகளுக்குச் சளி பிடித்தாலே முகம் வெளுத்துப் போகிறது. போன வாரம் அலமாரியிலிருந்து சிவப்புப் பொடி டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் திருப்பி வைத்தார். அருள் வரவேண்டும் என்பதற்காக, என்னைப் பழியிலிருந்து காப்பாற்றுவதற்காக, வெறும் வயிற்றில் அதை மறுபடி குடிக்கப் பார்க்கிறார். அவர் நெஞ்சு அதைத் தாங்குமா என்று நீ கேட்டிருக்கிறாயா? ஒருவரிடமாவது கேட்டிருக்கிறாயா?

எடை தூக்க விரும்புகிறவன் வாங்கிக் குடிக்கட்டும். அது அவன் உடம்பு. கோயிலுக்கும் விரதத்துக்கும் இந்த டப்பா வேலைக்காகாது.

அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது. அந்தப் பெரியம்மா வருவார், குழுக்காரர்கள் வருவார்கள், உன் பொடியைக் குடித்தவர்களும் வருவார்கள். நான் டப்பாவோடு வருகிறேன். கூட்டம் இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று அன்று சொன்னாயே, இதுதான் கூட்டம். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்: அந்த அரிப்பு பொடியால் வருவது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால், என் வீட்டைக் குறை சொன்னபோது ஏன் சும்மா நின்றாய்?