தோன்கா அக்காவின் பாத்திகள்

“இடது பக்கம்... இன்னும் இடது... நிறுத்து! இப்ப கொட்டு!”

நான்காம் மாடி பால்கனியிலிருந்து தோன்கா அக்கா கத்துகிறார். கீழே எருவண்டியோடு நிற்பவன் நான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது; பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

தன்யூப் நதித் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். எதையும் மேலிருந்து பார்த்தால்தான் அவருக்குச் சரியாக இருக்கும். இறங்கி வந்தால் எங்களில் எவரையும்விடக் குள்ளம். மழையோ வெயிலோ, துறைமுகத்தில் கொடுத்த ஆரஞ்சு மேலங்கி; அதன் பை நிறைய வறுத்த சூரியகாந்தி விதை. செடிகளோடு பேசுகிறவர் இல்லை. மனிதர்களிடமும் தப்பைக் கண்டால் மட்டுமே பேசுவார். அதனால் நாள் முழுக்கப் பேசுகிறார்.

எங்கள் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவிலிருந்த காலி நிலத்தில் முன்பு பழைய சோபாக்கள்தான் விளைந்தன. பணி ஓய்வுபெற்ற முதல் வாரமே அக்கா அதில் ஒன்றை இழுத்துப்போய், போட்டவர் வீட்டு வாசலில் வைத்து மணியடித்தார். “உங்க சோபா தொலைஞ்சுபோச்சு போல. கண்டுபுடிச்சுட்டேன்.” ஒரே மாதத்தில் நிலம் சுத்தமானது. பதினெட்டு வீட்டுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார்.

எதிர்க் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ராதுலோவ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நகராட்சிக்கு ஏழு புகார் எழுதினார். மூன்று வருடம் முன்பு, தக்காளி நாற்று நட்ட ஒன்பதாம் நாள், நிலத்தைச் சமப்படுத்த புல்டோசர் வந்துவிட்டது.

நாங்கள் எல்லாரும் பால்கனிக்கு வந்து நின்றோம். எங்கள் வீரம் அவ்வளவுதான். அக்கா இறங்கிப் போனார். வண்டியை மறிக்கவில்லை. ஒருமுறை சுற்றிவந்து, குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநரிடம் கேட்டார்.

“தம்பி, உன் பேரென்ன?”

“அசென்.”

“அசென், இந்த ஹோஸ்ல எண்ணெய் ஒழுகுதே, எத்தனை நாளா?”

“ஒரு வாரமாக்கா. சொல்லிட்டேன், யாரும் காதுலயே போட்டுக்கல.”

“இப்படியே மண் தள்ளுற பிளேடைத் தூக்குனா ஹோஸ் வெடிச்சு உன் மூஞ்சிலதான் அடிக்கும். எங்க துறைமுகத்துல யோர்தானுக்கு அப்படித்தான் ஒரு கண்ணு போச்சு. புள்ளைங்க இருக்கா?”

“ரெண்டு பொண்ணுங்க.”

“அப்ப எறங்கு.”

இறங்கிவிட்டான். புது ஹோஸ் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டி நூற்றுப்பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். நகராட்சி ஐந்து வருடத்துக்கு அனுமதிக் கடிதம் அனுப்பியது. உறையை என்னிடம் நீட்டி, “நீயே படி, கண்ணாடி கொண்டுவரல” என்றார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

இந்த ஏப்ரலில் கர்னலின் மனைவி வெஸ்கா இறந்துபோனார். ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, கர்னல் தயிர் டப்பாவில் ஒரு குடைமிளகாய் நாற்றோடு வந்து நின்றார்.

“வெஸ்கா ஜன்னல்ல போட்டு வச்சது. டப்பாலயே விட்டா செத்துப்போயிடும்.”

பதினெட்டுப் பாத்தியிலும் இடமில்லை. அது அவருக்கும் தெரியும். பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

 அக்கா தன் பாத்தியில் மண்டியிட்டு, இன்னும் பத்து நாளாவது மண்ணில் இருக்கவேண்டிய வெங்காயத்தை ஒரு வரிசை பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டார். பிறகு, கர்னல் குனிவதற்கு வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.