கழுகின் வாலில் எட்டாவது இறகு

அமெரிக்காவின் பழைய வெள்ளி டொலர்களைச் சேர்க்கிறவனுக்கு மல்வேர்னில் என்ன மரியாதை கிடைக்குமோ, அது எனக்குக் குறைவில்லாமல் கிடைத்திருக்கிறது. "அத்தான், நாங்கள் இருக்கிறது கனடா. உங்கட சாமானைக் குடுத்து ஒரு கோப்பியாவது வாங்கேலுமோ?" என்பது என் மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி. கேட்டுவிட்டுத் தானே சிரிப்பான். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வைக்கமாட்டான்.

நானும் விளக்கிப் பார்த்தேன். என்னிடம் உள்ளவற்றில் நல்லது 1878ஆம் ஆண்டுக் காசு. ஒரு பக்கம் பெண்ணின் முகம், மறுபக்கம் கழுகு. முதலில் அச்சில் கழுகின் வாலுக்கு எட்டு இறகு இருந்தது. பிறகு ஏழுதான் சரி என்று அதே அச்சின்மேல் திருத்தினார்கள். பழையது முழுதாக அழியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஏழின் அடியில் பழைய நுனிகள் தெரியும். எந்த அச்சில் எத்தனை நுனி தெரிகிறது என்று பிரித்துப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். நான் சொல்லி முடித்தபோது மனைவி தொலைபேசியில் யாரிடமோ, "வேலையால வந்து இவர் கழுகின்ர வாலை எண்ணுறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரம் போடுவதும் ஒரு பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். எழுபதுக்குப் புள்ளி. செலவழிக்க அடித்த காசு ஒருநாளும் செலவாகாமல் இருந்தால் உச்சப் புள்ளி. பக்கத்து மில்லிக்கனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபாவுக்கும் இதே விதிதான். என்னுடைய காசுக்கு நானே அறுபத்துநான்கு போட்டிருந்தேன். கடித உறைக்குள் கிடந்து கிடந்து நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் அதில் ஏறியிருந்தது. அதுதான் அதன் அழகு. ஆனால் பிள்ளைகளில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரே ஒருவராவது அதை ஆசையோடு பார்க்கவேண்டும் என்று வெட்கங்கெட்ட ஓர் ஏக்கம் எனக்கு இருந்தது.

போன கோடையில் பேரனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் தட்டத்தில் பல சாமான்களை வைப்போம். எதை எடுக்கிறானோ அதுதான் அவன் எதிர்காலம். மச்சான் ஒரு ஸ்ரெதஸ்கோப்பைக் கொண்டுவந்து பிள்ளையின் கைக்குக் கிட்டவே வைத்தான். அவனுடைய மூத்தவனும் அந்த வயதில் ஸ்ரெதஸ்கோப்பைத்தான் தூக்கினான். இப்போது வீட்டுத் தரகனாக இருக்கிறான். புத்தகம், பேனை, தங்கச் சங்கிலி எல்லாம் இருந்தன. நான் என் டொலரை உறையிலிருந்து எடுத்து மெல்ல ஓரத்தில் வைத்தேன். வேறு யாரையும் அதை விரலால் தொட விட்டதில்லை. இவன் தொடட்டும் என்றிருந்தது.

"உந்தக் கறல் பிடிச்ச காசை எடுங்கோ அங்கால" என்றாள் மனைவி. அதற்குள் பேரன் ஸ்ரெதஸ்கோப்பைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் டொலரைப் பிடித்துவிட்டான். முகத்துக்கு நேரே வைத்து உற்றுப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வாயில் வைத்தான்.

"ஓ மை கோட், அப்பா! சோ டேர்ட்டி!" மகள் அதைப் பறித்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். பேரன் வீரிட்டு அழுதான். அவனைத் தூக்கி ஆட்டியபடி, எச்சிலைத்தானே கழுவுகிறாள் என்று இருந்துவிட்டேன். பற்பசை போட்டுப் பழைய பிரஷால் தேய்க்கிறாள் என்று யார் கண்டது?

திரும்பி வந்தபோது காசு புதுக் கரண்டி போல மின்னியது. "பாருங்கோ அப்பா, இவ்வளவு வடிவான சாமானை ஏன் கறுப்பாவே வச்சிருந்தனீங்கள்?" தேய்த்த காசுக்கு யாரும் புள்ளி போடமாட்டார்கள். என் அறுபத்துநான்கும் தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். "ஓம், வடிவாயிருக்கு" என்றேன்.

காசு கைக்குக் கை போனது. மச்சான் கூட அதை வெளிச்சத்தில் பிடித்து, "அத்தான், உண்மையா நல்ல சாமான்" என்றான். ஓட்டை போட்டு, பேரன் வளர்ந்ததும் சங்கிலியில் கோத்துப் போடலாம் என்றாள் மனைவி. உடனே ஆளுக்கொரு யோசனை வந்தது. கொழுக்கட்டை ஆறிப்போக, வீட்டார் எல்லோரும் முதல்முறையாக என் காசைச் சுற்றி நின்று ஆசையோடு பேசினார்கள், ஓட்டையை எந்த இடத்தில் போடுவது என்று.